கத்திரியில் நனைந்த வடகம்

2024 ஏப்ரல் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் பூக்கள் நின்றுபோய் டிகிரி வர ஆரம்பித்தது. பெங்களூர் அக்கா 38.5 என்று போட்டாள். "எங்க ஊர்ல ஃபேனே வேணாம்" என்று வருஷக்கணக்காகப் பீற்றிக்கொண்டவள். ஊட்டி சித்தப்பா 29 என்று போட்டார். இருபத்தொன்பதா? எங்கள் ஊரில் அது மார்கழி மத்தியானம்! ஆனால் 73 வருஷத்தில் ஊட்டி இப்படிக் காய்ந்ததில்லை என்று பேப்பரிலேயே வந்துவிட்டது. மறுநாள் புது டேபிள் ஃபேன் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பினார், பேரன் பிறந்த மாதிரி சிரித்துக்கொண்டு.

பாபநாசத்துக்காரர்களான நாங்கள் தினமும் ஃபாரன்ஹீட்டில் நூறைத் தாண்டியதை யாரும் மதிக்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் வேர்க்கிறது என்றால் அது ஒரு செய்தியா? காவிரியே வெறும் மணலாகக் கிடந்தது. பையன்கள் நடு ஆற்றில் ஸ்டம்பு நட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு மட்டும் இந்த வெயிலில் பரம சந்தோஷம். தாளிப்பு வடகம் போட வேண்டுமே! அஞ்சு கிலோ சின்ன வெங்காயம். உரித்தது நான், அழுததும் நான். பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தாள். பகலெல்லாம் மாடியில் காய வேண்டும். சாயங்காலம் உதிர்த்து, மறுபடி பிசைந்து, மறுபடி உருட்ட வேண்டும். இப்படிப் பத்து நாள். கைக்குழந்தையை வளர்ப்பதுகூடக் கொஞ்சம் சுலபம்.

மே 14ஆம் தேதி 112 உருண்டை மாடி ஏறியது. எண்ணி வைப்பாள். காக்காயைவிட என்மேல்தான் சந்தேகம்.

மூன்றாம் நாள் காலை என் போன் "மழை" என்றது. சொன்னேன்.

அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "4ஆம் தேதி ஆரம்பிச்ச கத்திரி வெயில் 28 வரைக்கும் இருக்குடா. ஒரு சொட்டு விழாது."

அம்மா இரண்டு பேரையும் நம்பவில்லை. மாடிக்குப் போய் முந்தானையைக் காற்றில் பிடித்துப் பார்த்தாள். "கோடை நின்னுடுச்சு. கொண்டல் இறங்குது" என்றாள். மேற்கே இருந்து அடிக்கும் வறட்டுக் காற்று கோடை. அது பலமாக இருந்தால் கடல் காற்று உள்ளே வர முடியாமல் ஊர் வேகும், வடகம் கல்லாகும். கொண்டல் கிழக்குக் காற்று, கடல் ஈரத்தோடு வரும். இவ்வளவு தெரிந்தும், "மத்தியானம் வரைக்கும் கிடக்கட்டும்" என்று விட்டாளே, அங்கேதான் பிசகு.

ரெண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதல் சொட்டு விழுந்ததும் தெருவே எழுந்து ஓடியது. எதிர்வீட்டு அக்கா ரோட்டில் காயப்போட்ட எள்ளை மூடப் படுதாவை இழுக்க, காற்று படுதாவையும் அக்காவையும் சேர்த்து இழுத்தது. நான் மாடியில் முறத்தைத் தூக்கினேன். படியில் கால் வழுக்கியது. நான் விழவில்லை, முறம் விழுந்தது. உருண்டைகள் தட தடவென்று படியிறங்கி, எனக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டன.

"கால்ல அடி கிடி பட்டுச்சாடா?" என்று அப்பா கேட்டார். அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள். 109.

அப்புறம் ஒரு வாரம் விட்டு விட்டு மழை. வடகம் என் ரூமுக்குக் குடிவந்தது, ஏனென்றால் அங்கேதான் ஃபேன் வேகமாகச் சுற்றும். பாதி காய்ந்த வெங்காயம், பூண்டு, விளக்கெண்ணெய் மூன்றும் சேர்ந்தால் வரும் வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "வீட்டுல சாம்பாருங்களா?" என்றார்.

"இங்கே கொடுத்து அனுப்பும்மா" என்று சொல்லலாம் என்றால் அக்கா ஊரிலும் மழை. ஊட்டி சித்தப்பா ஃபேனை அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டோ அனுப்பினார். டெல்லித் தம்பி மட்டும், "இங்க 47ம்மா" என்றான்.

அம்மா கண் மின்னியது. "டெல்லிக்கு கூரியர் எவ்வளவுடா ஆகும்?"

காயப்போடுவதற்காக வடகத்தை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அனுப்பத் திட்டம் போட்ட முதல் பெண்மணி என் அம்மாவாகத்தான் இருக்கும். மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 என்று செய்தி வந்ததும் அட்டைப்பெட்டியே எடுத்துவிட்டாள். "ஒரே நாள்ல காஞ்சுடும், மறுநாளே திருப்பி அனுப்பிடச் சொல்லு."

இரண்டு மூன்று நாளில், அங்கே இருந்த சென்சார் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று வானிலை ஆய்வுத் துறையே சொன்னது. ஆட்டோ மீட்டரைத்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். அம்மா அசரவில்லை. "மூணு போனா என்ன? மீதி நாப்பத்தொம்போதரை, ஐம்பது இருக்குல்ல?"

நல்லவேளை, அதற்குள் இங்கேயே வெயில் திரும்பிவிட்டது. அதுவும் கத்திரி முடிந்த பிறகு. அப்பா ஒன்றும் பேசாமல் பஞ்சாங்கத்தை டிவிக்குப் பின்னால் செருகிவிட்டார்.

காணாமல் போன மூன்றில் ஒன்று கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கிடைத்தது. ஒன்றை எலி சாப்பிட்டிருக்கலாம். மூன்றாவது, ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என் ஷூவுக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அம்மா தட்டிப் பார்த்தாள், கல். முகர்ந்து பார்த்தாள்.

"இதுதான்டா பதம்" என்றாள்.

மறுநாள் வத்தக்குழம்பு அமர்க்களமாக மணத்தது. எதைப் போட்டுத் தாளித்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.