வெறும் சிப்பில் நிரல் ஏற்றப் பட்ட பாடு

என் போர்டின் பற்றவைப்பு வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக் கம்பி, ஃப்ளக்ஸ், கட்டர், மல்டிமீட்டர் ஆகியவையே போதுமானவையாக இருந்தன. ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினி போன்ற) சிப்பை நேரடியாகப் பற்றவைக்காமல் 28 கால் சாக்கெட்டில் பொருத்தியிருந்தேன். எல்லோரும் அப்படியே செய்யுங்கள்.

என்னை அலைக்கழித்தது நிரலேற்றும் கருவிதான். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்க் கடையொன்றில் கேட்டபோது, யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றே போதும் என்று உறுதியாகச் சொல்லி விற்றுவிட்டார்கள். அந்த மாற்றியின் வழியாக நிரல் ஏற வேண்டுமானால் சிப்பில் பூட்லோடர், அதாவது வரும் நிரலை வாங்கிச் சிப்பில் எழுதும் சிறு நிரல், ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். நான் வாங்கியதோ ஒன்றுமே பதியாத புதுச் சிப். இதை அறியாமல் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். வாங்கும்போதே பூட்லோடர் பதிந்த சிப்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுவாரம் மீண்டும் போய், பூட்லோடர் இல்லாமலே நிரலேற்றும் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் வாங்கி வந்தேன். அதன் கேபிளில் 10 முனைகள், என் போர்டில் 6 முனைகள். மூன்றாவது முறை அலைய மனமில்லாமல், மைசோ, மோசி, எஸ்சிகே, ரீசெட், விசிசி, கிரவுண்டு ஆகிய ஆறு முனைகளையும் ஜம்பர் வயர்களால் இணைத்து, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் சரிபார்த்தேன். அப்படியும் சிப் பதிலளிக்கவில்லை. என் பற்றவைப்பின் மீதே சந்தேகம் வந்து, நன்றாக இருந்த மூன்று இணைப்புகளை உருக்கி மறுபடியும் வைத்தேன்.

குறை அங்கே இல்லை. புதுச் சிப் தன் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். தரவு அனுப்பும் வேகத்தை நிர்ணயிக்கும் எஸ்சிகே துடிப்பின் வேகம் அதில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும், புரோகிராமரோ அதைவிட வேகமாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஏவிஆர்டியூட் என்ற நிரலேற்றும் மென்பொருளின் கட்டளையில் மைனஸ் பி 10 (-B 10, பெரிய எழுத்து B) என்று சேர்த்து வேகத்தைக் குறைத்தவுடன், சிப்பின் அடையாள எண் திரையில் வந்தது. அந்த நொடியில் எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல.

நிரல் ஏறியும், நொடிக்கொரு முறை மாற வேண்டிய எல்இடி 16 நொடிக்கு ஒரு முறையே மாறியது; நிரலை நான் 16 மெகாஹெர்ட்ஸுக்காக எழுதியிருந்தேன், சிப்போ இன்னும் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடியது. உள் கடிகாரத்துக்குப் பதிலாகத் துடிப்பு தரும் வெளிக் கிரிஸ்டலுக்கு மாற, எந்தக் கடிகாரம் என்று தீர்மானிக்கும் ஃபியூஸ் பிட்டை மாற்றும் முன், கிரிஸ்டலும் அதன் இரண்டு 22 பிகோஃபாரட் மின்தேக்கிகளும் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். கிரிஸ்டல் ஓடாவிட்டால் புரோகிராமரும் அந்தச் சிப்பை எட்ட முடியாது. நான் இரண்டு முறை பார்த்துவிட்டே மாற்றினேன். எல்இடி நொடி தவறாமல் மின்னத் தொடங்கியது.