உப்பளக் காற்றில் ஒரு நாள்: பாலைவனப் பயணத்துக்கு மூன்றாவது ஒத்திகை

மார்கழியில் தார் பாலைவனத்துக்குப் போவது என்று நானும் மச்சானும் போன வருடமே பேசி வைத்துவிட்டோம். ஜெய்சல்மேரிலிருந்து சம் மணல்மேடு வரைக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சைக்கிள், அங்கிருந்து மணலில் நடை, ராத்திரிக்கு டென்ட். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்த எங்களுக்குச் சேறு தெரியும், மணல் தெரியாது. அதனால்தான் இந்த ஒத்திகை எல்லாம். முதல் இரண்டையும் மன்னார்குடி பக்கம் ஆற்றங்கரைச் சாலையில் முடித்தோம். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நிழலும் டீக்கடையுமாகப் போயிற்று.

மூன்றாவதுக்கு வேதாரண்யம், கோடியக்கரை. இதை ஆடியில்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், காற்று வேண்டுமே. அகத்தியம்பள்ளி தாண்டியதும் இது காவிரிப் படுகைதானா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு பக்கம் உப்பளப் பாத்திகள், மறுபக்கம் வறண்டு வெடித்த சதுப்பு, மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றை மறிக்க ஒரு மரம் இல்லை. மழைக்காலத்துக்குப் பிறகு இதே இடத்தில் தண்ணீர் நின்று பூநாரை வந்து இறங்கும். இப்போது உப்புதான்.

காலையில் ஆறு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். நினைவுத் தூண் பக்கத்தில் நின்று கொஞ்சம் நேரமாக்கிவிட்டோம். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்தே வந்து உப்பு அள்ளிய ஊர் இது. 13ஆம் தேதி கிளம்பியவர்கள் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நடை என்பதை, கால் வலிக்கிற நாளில் யோசித்துப் பார்த்தால்தான் உறைக்கிறது. அங்கே பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் சைக்கிள் மூட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, சோழகம் எழும்பிடுச்சு, இனிமே கோடியக்கரைக்கு மிதிக்கிறது கஷ்டம்பா" என்றார். அவருக்கு அந்தக் காற்று நல்ல காற்று. வெயிலோடு காற்றும் அடித்தால்தான் பாத்தித் தண்ணீர் சீக்கிரம் வற்றி உப்பு விளையும்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. கோடியக்கரை பத்து கிலோமீட்டர் போல இருக்கும், தெற்கே பார்த்த சாலை, காற்றும் நேராகத் தெற்கிலிருந்து. வேக மீட்டர் 9க்கு மேல் ஏறவே இல்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் மோதுவதும் அதே 15தான். எதிரே 20 கிலோமீட்டர் காற்று இருந்தால் மோதுவது 35. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் தள்ள வேண்டிய விசை ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அதனால் வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் தொடைதான் போகும், பெடலை லேசான கியரில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "அத்தான், மீட்டரைப் பாக்காதீங்க, என் பின்சக்கரத்தைப் பாருங்க" என்று மச்சான் முன்னே போனான். ஒரு முழம் இடைவெளியில் ஒட்டிப் போனபோது காற்று பாதியானது போல இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டோம். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு சரணாலயத்துக்குள் ராமர் பாதம் என்ற மணல்மேட்டுப் பக்கம் நடந்தோம். அந்த மேடுதான் இங்கே உயரமான இடம், ஆனாலும் ஓர் ஆள் உயரத்தைப் போல இரண்டு பங்கு இருந்தால் அதிகம். மணலில் குதிகாலை ஊன்றி நடந்தால் புதைகிறது, பாதம் முழுவதையும் தட்டையாக வைத்துச் சின்ன எட்டாகப் போனால் சுலபம். இதே காற்று இங்கே எங்களுக்கு உதவியது. எங்கள் வாடையும் காலடிச் சத்தமும் பின்னாலேயே போய்விட்டதால் வெளிமான் கூட்டம் ஒன்று வெகு நேரம் எங்களைக் கவனிக்கவே இல்லை. கருத்த கடா ஒன்று முறுக்கிய கொம்பைச் சாய்த்துக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது, முதுகு மயிர் பிரிந்து பிரிந்து விழுவதுகூடத் தெரிந்தது. நான் இதற்காகவே இன்னொரு முறை வருவேன்.

திரும்பும்போது அந்தப் பத்து கிலோமீட்டர் இருபத்தைந்தே நிமிடம். எதிர்காற்றைக் காலையிலேயே, உடம்பில் தெம்பும் குடத்தில் தண்ணீரும் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதை இனி மாற்றப் போவதில்லை. தலைக்கு நான்கு லிட்டர் கொண்டு போனோம், என்னிடம் அரை லிட்டர் மிஞ்சியது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் தாகம் தெரியவில்லை, மணி பார்த்துத்தான் குடித்தேன்.

சரணாலயத்துக்குள் ராத்திரி டென்ட் அடித்துத் தங்க விடமாட்டார்கள். வேதாரண்யத்தில் சொந்தக்காரர் தோப்பில் டென்ட். 2018 கஜா புயலில் மாமரம் எல்லாம் சாய்ந்து, இப்போது பாதி வெறும் மணலாகக் கிடக்கிறது, எங்களுக்கு அதுவே வசதி. டென்டோடு வந்த கம்பி முளைகள் மணலில் நிற்கவே இல்லை, அடித்த கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. ஒரு பக்கம் எழும்பியதில் ஃபைபர் கழியும் விரிசல் விட்டுவிட்டது. மூங்கில் சிம்பை அணைத்து, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். ட்யூப் இழுபடுவதால் கயிற்றைவிட நன்றாகப் பிடித்தது. முளைக்குப் பதிலாக நான்கு உரச்சாக்கில் கால்வாசி மணல் நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து, அதிலிருந்து கயிற்றை எடுத்து மூலைகளில் கட்டினோம். டென்டின் தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து, வாசல் எதிர்ப்புறம்.

சாப்பிட்டதும் செயினைத் துடைத்தேன். எண்ணெய் அதிகம் போட்டிருந்ததால் மணல் பசை மாதிரி ஒட்டியிருந்தது. அடுத்த முறை எண்ணெய் வேண்டாம், மெழுகு போட்டுப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று வேறு, வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவினேன்.

ராத்திரி முழுக்கத் துணி படபடத்துக்கொண்டே இருந்தது. இரண்டு மணி சுமாருக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மச்சான் அசையாமல் தூங்கினான். நான்கு கயிறும் விறைப்பாக இருந்தன, ஒரு சாக்குகூட நகரவில்லை. நாலு காலிச் சாக்கை மடித்து ஜெய்சல்மேர் பையில் அன்றே வைத்துவிட்டேன்.