பத்துக் கையெழுத்து

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றேன். ஏன் நின்றாய் என்று கேட்பவர்களுக்கு ஏரி ஆக்கிரமிப்புக் கதையைச் சொல்வேன், அது இன்னொரு நாளைக்கு. எப்படி நின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. சொல்வதற்கு எனக்கு அதுதான் நிறைய இருக்கிறது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்த கை இது. வேட்புமனு என்ன பெரிய மலையா என்று நினைத்துத்தான் படிவம் 2பி-யை வாங்கி வந்தேன். மார்ச் 12 முதல் 19 வரை மனுத்தாக்கல், நடுவில் சனி ஞாயிறு கிடையாது. நேரமும் காலை 11 முதல் மாலை 3 வரைதான். கணக்குப் போட்டால் மொத்தம் ஆறு நாள்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, வெறும் 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், பத்துப் பேர் விதியும் வந்தது. இப்போது டெபாசிட் 10,000, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

பத்தாயிரம் புரட்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. பத்துப் பேரைப் புரட்டுவதுதான் கஷ்டம். ஓட்டுப் போடுவதை யாரும் பார்க்கப் போவதில்லை, கையெழுத்து அப்படியா? "உனக்குத்தான் ஓட்டு தம்பி, கையெழுத்து மட்டும் கேக்காத" என்று நாலு பேராவது சொன்னார்கள். மளிகைக்கடை அண்ணன் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது வெளிய யாருக்காவது தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். பேனா திரும்பி வந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நாளைக்கும் அதே தெருவில் கடை திறக்க வேண்டியவர். கடைசியில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் சுற்றிப் பத்துப் பேரைச் சேர்த்தேன்.

மற்ற வேலைகளும் கூடவே ஓடின. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதுவும் மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். நான் முதலில் போன வங்கியில் அப்படி ஒரு கணக்கே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வங்கியில் பத்து நிமிட வேலை.

அப்புறம் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். நம் வழக்கு, படிப்பு, அதோடு நம்முடையதும் மனைவியுடையதுமான சொத்து, கடன் எல்லாம் வர வேண்டும், நோட்டரி முன் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக்கூடாது. 'இல்லை', 'பொருந்தாது' என்று எழுதி எழுதி விரல் வலித்தது. இதைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். என் மனைவியும் பார்ப்பாள் என்பது ஏனோ தோன்றவில்லை. அந்த வாரம் ராத்திரி, போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இந்த ஒன்னரை லட்சம் யாருகிட்ட வாங்குனது?" என்றாள். தேர்தல் முடியும்வரை எனக்கு வந்த ஒரே கடினமான கேள்வி அதுதான்.

17-ஆம் தேதி புதன்கிழமை மனுவோடு போனேன். கொரோனா காலம் என்பதால் வேட்பாளரோடு இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அதில் ஒருவர் யார் என்பதில் எனக்குத் தேர்வே இல்லை. முன்மொழிந்தவர்களில் ஒரு பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு என்றால் அதை அதிகாரியின் முன்னால்தான் வைக்க வேண்டும். ஆகவே பெரியம்மா ஒரு பக்கம், கடைக்குப் பக்கத்து நண்பர் ஒரு பக்கம், இதுதான் என் ஊர்வலம்.

உள்ளே வாக்காளர் பட்டியலோடு பாக எண்ணையும் வரிசை எண்ணையும் சரிபார்த்துக்கொண்டே வந்த அதிகாரி ஏழாவது பெயரில் நின்றார். அந்தப் பெயர்க்காரர் பக்கத்துத் தொகுதி வாக்காளர்! எங்கள் தெரு முடிகிற இடத்தில் தொகுதியும் முடிகிறது, அவர் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். இருபது வருடமாகத் தினமும் பார்க்கிற மனிதர், எந்தத் தொகுதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. "தாக்கல் பண்ணலாம். ஆனா பரிசீலனையில நிக்காது" என்றார் அதிகாரி, பொறுமையாகவே. ஒன்பது சரியாக இருந்தாலும் ஒன்று தவறினால் மனு போச்சு. எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

புதுப் படிவம், மறுபடி பத்துக் கையெழுத்து. 19-ஆம் தேதி, கடைசி நாள், டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். பெரியம்மா மறுபடி மை தொட்டு வைத்தார். "என் கைநாட்ட பேங்க்காரன்கூட ரெண்டு தடவ கேட்டதில்ல" என்றார். பணம் கட்டி, உறுதிமொழியைச் சத்தமாக வாசித்து, ரசீது வாங்கி வெளியே வரும்போது மணி இரண்டே முக்கால்.

20-ஆம் தேதி பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டது. 22-ஆம் தேதி வாபஸ் நேரம் முடிந்ததும் சின்னம். மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் கொடுத்திருந்தேன். முதலாவது தையல் இயந்திரம், என் அம்மா தையல்காரர். அதையே இன்னொருவரும் கேட்டிருந்ததால் குலுக்கலில் போய்விட்டது. இரண்டாவது ஒரு பதிவு பெற்ற கட்சிக்குப் போனது. மூன்றாவது இடத்தை நிரப்ப வேண்டுமே என்று யோசிக்காமல் எழுதியிருந்த ஏசி எனக்கு வந்தது. ஏப்ரல் வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடுகிற வீடுகளுக்குள் போய், "ஏசிக்கு ஓட்டுப் போடுங்க" என்று கேட்டேன். சிரித்தார்கள். சின்னம் மனதில் நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்குக்கு ஒரு பதிவேடு தருவார்கள், வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத் தாள்கள். டீக்கும் நாற்காலிக்கும்கூட மாவட்டத்தில் விலைப்பட்டியல் உண்டு. பிரச்சாரத்துக்குள் மூன்று முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அப்போது உச்சவரம்பு 30.8 லட்சம், என் பதிவேட்டில் ஏறியது 38 ஆயிரம். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும், தோற்றவனும்தான். விட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாது. ஊரடங்கு நடந்த மே மாதத்தில் அந்தக் காகிதங்களோடு நான் அலைந்ததை எழுதினால் இன்னொரு பதிவு ஆகும்.

மே 2, வாக்கு எண்ணிக்கை. கொரோனா இல்லை என்ற சான்றோடு உள்ளே போனேன். பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது 412. நோட்டா என்னைப் போல மூன்று மடங்கு.

அது எதிர்பார்த்ததுதான். நான் காத்திருந்தது எங்கள் தெருவின் வாக்குச்சாவடிக்கு. முன்மொழிந்த பத்துப் பேருக்கும் அதே சாவடிதான், எனக்கும் அதே. அந்த இயந்திரம் மேஜைக்கு வந்தது, முடிவைக் காட்டினார்கள். என் பெயருக்கு நேரே ஏழு. என் ஓட்டையும் சேர்த்து.

அந்த வாரம் ஒவ்வொருவராகக் கடைப் பக்கம் வந்து ஆறுதல் சொன்னார்கள். "நம்ம வீட்டு ஓட்டு உனக்குத்தான் தம்பி" என்று பத்துப் பேரும் சொன்னார்கள். பத்துப் பேருக்கும் நன்றி சொன்னேன்.