ஈம் கிராமத்தில் மூன்று நாள்

ஆகஸ்ட் 21, புதன்

ஷெஃபீல்டில் பஸ் ஏறி மத்தியானம் வந்து சேர்ந்தேன். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'ஏயம்' என்று வாசிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது 'ஈம்'. இங்கிலாந்தின் டெர்பிஷரில் ஒரு மலைக்கிராமம்.

தேவாலயத்தை ஒட்டிய ஒரு வீட்டில்தான் இந்த ஊரைப் பிடித்த பிளேக் என்ற கொள்ளைநோய் தொடங்கியது. 1665இல் அங்கே குடியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல்காரரிடம் லண்டனிலிருந்து ஒரு துணிமூட்டை வந்திருக்கிறது. நமத்துப்போயிருந்ததால் அடுப்புப் பக்கம் விரித்துக் காயப்போட்டாராம். துணியிலிருந்த, நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளுக்கு அந்தச் சூடு போதும். செப்டம்பர் 7ஆம் தேதி அவரைப் புதைத்தார்கள். வீட்டு வாசலில் இறந்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. பக்கத்திலேயே ஜன்னல் திரை, பூந்தொட்டி. இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் மழை, அறையிலேயே இருந்தேன்.

ஊரைப் பூட்டிக்கொண்டது 1666 ஜூனில். நோய் வெளியூருக்குப் பரவாமலிருக்க யாரும் வெளியே போகக்கூடாது என்று சொன்னவர் 28 வயதுப் பாதிரியார் வில்லியம் மோம்பெசன். ஊருக்குப் புதுசு, ஜனங்களுக்கு அவரைப் பிடிக்காது. அரசு வகுத்த வழிபாட்டு முறையை ஏற்காததால் பதவி இழந்த பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியின் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆகாத இருவரும் சேர்ந்து சொன்ன பிறகுதான் ஊர் கேட்டது. டெவன்ஷர் பிரபு சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்றார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பூட்டுவதற்கு முன்பே மோம்பெசன் தன் இரண்டு பிள்ளைகளையும் யார்க்ஷருக்கு அனுப்பிவிட்டார். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைகள்? மனைவி கேத்தரின் மட்டும் போக மறுத்துக் கூடவே இருந்தார். ஆகஸ்ட் 25இல் அவரும் இறந்துபோனார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெயில். ரைலி கல்லறைகளுக்கு நடந்தேன். ஊருக்கு வெளியே வயல் நடுவில், இடுப்புயரக் கல்சுவருக்குள் ஏழு பேர். எலிசபெத் ஹான்காக்கின் கணவரும் ஆறு பிள்ளைகளும், 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் போனவர்கள். உதவிக்கு யார் வருவார்கள்? தானே குழி வெட்டி, உடலைத் தொடாமலிருக்கக் காலில் துணியைக் கட்டி இழுத்து வந்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். பண்ணை வீடு இருந்த பக்கமிருந்து நானும் ஏறிப் பார்த்தேன். வெறுங்கையோடே மூச்சு வாங்கியது.

அப்புறம் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக்கல். மேலே ஆறு குழிகள். அப்போது ஈம்காரர்கள் அதில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். நோய்க்கிருமியைக் கண்டுபிடித்தது 1894இல்தான். ஆனால் தொட்டால் ஒட்டும் என்ற பயம் அப்போதே இருந்திருக்கிறது.

பதினான்கு மாதத்தில் ஏறக்குறைய 260 பேர். ஹான்காக் அம்மாள் பிழைத்து, ஷெஃபீல்டில் மிச்சமிருந்த ஒரே மகனிடம் போய்விட்டாள்.

குழிகளில் யாரோ போட்ட செப்புக்காசுகள் கிடந்தன. நானும் போடலாமென்று பையைத் துழாவினேன். கார்டு மட்டும்தான் இருந்தது.