மேட்டுப்பாளையத்தோடு ரயில் நின்றுபோன 26 வருடங்கள்

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நேராக மலை ரயிலுக்கு ஓடுவார்கள், டிக்கெட் கிடைக்காதவர்கள் ஊட்டி பஸ்ஸுக்கு. ஊரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இது ரொம்ப நாள் வருத்தம், ஏனென்றால் மலை ரயில் கதையை எல்லோரும் ஊட்டியில் வைத்துச் சொல்கிறார்கள், அது தொடங்கியதோ இங்கே, பவானிக் கரையில்.

போத்தனூரிலிருந்து அகல ரயில் பாதை 1873-லேயே இங்கே வந்துவிட்டது. அதோடு சரி. எதிரே மலை. குன்னூருக்கு ரயில் ஏறியது 1899-ல்தான். இடைப்பட்ட 26 வருடமும் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கி, குதிரை பூட்டிய டோங்காவிலும் மாட்டு வண்டியிலும்தான் மேலே போனார்கள்.

முயற்சி செய்யாமல் இல்லை. 1882-ல் சுவிட்சர்லாந்திலிருந்து ரிகன்பாக் என்ற மலை ரயில் இன்ஜினியர் வந்து பார்த்து, இவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1891-ல் கவர்னர் வென்லாக் வேலையைத் தொடங்கிவைத்தார். பணம் போட்ட கம்பெனி நொடித்துப்போய், வேறொரு கம்பெனி வந்து முடிக்க வேண்டியிருந்தது.

இடமும் லேசுப்பட்டதில்லை. கல்லாறு தாண்டியதும் பாதை பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும். வெறும் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி. இன்ஜினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டேதான் இருக்கும், பிடி விடவே விடாது! அப்புறம், ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். இதை நினைத்தாலே எனக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

1908-ல் பாதை ஊட்டியைத் தொட்டது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதெல்லாம் பலரும் எழுதியாகிவிட்டது. நான் சொல்ல நினைப்பது காலை ஏழு மணி வாக்கில் ஊரைவிட்டுக் கிளம்பும் அந்த முதல் சில நிமிடங்களை. நீலப் பெட்டிகள் மெதுவாகப் பவானிப் பாலத்தில் ஏறும், கீழே ஆறு, அப்புறம் கல்லாறு வரை சமதரையில் பாக்குத் தோப்புகள். படம் எடுக்கிறவர்கள் மலைக்காகக் காத்திருப்பார்கள். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுவிட்டால், மறுபடியும் மேட்டுப்பாளையம்தான் கடைசி ஸ்டேஷன். எல்லோரும் இங்கே இறங்கி, ரோடு வழியாக மலையேறுகிறார்கள்.