ஏஸ்-குயினைக் கீழே வைத்த வாரம்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு, இரவு 12:50

இணையப் போக்கர் போட்டியின் முதல் நாள் முடிந்தது. 2,140 பதிவுகளில் 163 பேர் மீதி இருக்கிறோம். என்னிடம் 1,18,400 சிப். நாளை 2,500/5,000 பிளைண்டில் தொடங்குகிறது; ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய பந்தயம்தான் பிளைண்ட். பெரிய பிளைண்டால் வகுத்தால் 23-க்குக் கொஞ்சம் மேல். மேசையின் சராசரி 26. பரவாயில்லை, உயிரோடு இருக்கிறேன்.

நுழைவு 22 டாலர். இன்று, நாளை, செவ்வாயன்று கடைசி மேசை என்று மூன்று நாள் போட்டி. மனைவிக்கு இந்த வாரம் மருத்துவமனையில் இரவுப் பணி. மகள் எட்டரைக்கே தூங்கிவிட்டாள். லண்டனின் இந்த மூலையில், ஹாரோவில், சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் 55ஆம் நிமிடத்தில் ஐந்து நிமிட இடைவேளை வரும். எழுந்து தண்ணீர் குடித்து, மகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அது தீர்ந்துவிடும்.

பரிசு 319 பேருக்கு. 320 பேர் இருந்தபோது என்னிடம் பதினொரு பெரிய பிளைண்ட் மட்டுமே. இதைத்தான் பபிள் என்கிறோம்: அடுத்து வெளியேறுகிறவருக்கு ஒன்றும் இல்லை, அவருக்குப் பின்னால் வெளியேறுகிற எல்லோருக்கும் ஏதோ ஒன்று உண்டு. அந்த நேரத்தில் எல்லா மேசைகளும் ஒரே தாளத்தில் நடக்கும். ஒரு மேசையில் கை முடிந்தாலும் மற்ற மேசைகள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் சற்று முன்புவரை, சிப் குறைந்தவர்கள் 2-7 போன்ற குப்பைச் சீட்டுக்குக்கூட முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டு யோசிப்பார்கள். வேறெங்கோ யாராவது விழட்டும் என்ற காத்திருப்பு அது. நான் அப்படிச் செய்வதில்லை. விதியில் இடம் இருக்கிறது, மனசுக்குத்தான் ஒப்பவில்லை.

யாரோ விழுந்தார். அடுத்த சுற்றிலேயே எனக்குக் கிங் ஜோடி வந்தது, எதிரே ஏஸ்-ஜாக். நின்றது. இரட்டிப்பானேன். இனித் தூங்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள், மதியம்

அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை. கோவையில் இருக்கும் கல்லூரி நண்பனிடம் பேசினேன். இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். இந்த ஆண்டு தமிழ்நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூட வேண்டும் என்று விதி வந்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போட்டியின் கடைசிக் கட்டம் என்பதே நள்ளிரவுக்கு மேல்தான் என்பதால் அவனுக்கு அப்போதே பாதி ஆட்டம் போனது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் நிறைவேற்ற, மீதியும் போனது. அவன் கோபப்படவில்லை. "எங்க தெருவுலயே ஒருத்தன் வீட்டை வித்துருக்கான்டா, நான் என்ன பேச?" என்றான். எனக்கும் பதில் இல்லை. சீட்டில் குடும்பம் அழிந்த கதை தெரியாத தமிழ் வீடு எது? மாதம் 60 பவுண்டுக்கு மேல் என் கணக்கில் போட முடியாதபடி நானே வரம்பு வைத்திருக்கிறேன். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாடவும் முடியாது. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்.

ஆட்டம் நடக்கும்போது அவனோடு பேசமாட்டேன் என்பது எங்கள் ஒப்பந்தம். ஒரு கைக்கு ஒரு மூளைதான். முடிந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இன்று பேசியது கடைசிக் கட்டக் கணக்கு பற்றி. ரொக்க ஆட்டத்தில் ஒரு சிப் என்றால் ஒரு சிப்தான். போட்டியில் அப்படி இல்லை. இழக்கிற சிப்பின் மதிப்பு, வெல்கிற சிப்பின் மதிப்பைவிட அதிகம். அவன் எனக்கு முதன்முதலில் சொன்ன உதாரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். நான்கு பேர், நால்வரிடமும் சமமான சிப், பரிசு மூன்று டிக்கெட். ஒவ்வொருவர் கையிலும் இப்போதே முக்கால் டிக்கெட் இருக்கிறது. ஒருவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறார். நானும் அதே அளவு வைத்து ஏற்று வென்றால் முழு டிக்கெட், தோற்றால் ஒன்றுமில்லை. ஆகவே ஏற்க 75%-க்கு மேல் வெல்லும் வாய்ப்பு வேண்டும். அவர் சீட்டைப் பார்க்காமலே தள்ளியிருந்தாலும் ஏஸ்-கிங்குக்கு 65 முதல் 67% வரைதான். ஒன்பது ஜோடிக்கு 72. ஜாக் ஜோடியில்தான் நிம்மதியாக 77-ஐத் தாண்டுகிறோம். சாதாரண நாளில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் சீட்டுகளை இங்கே கீழே வைக்க வேண்டும்.

சிப்பைப் பணமாக மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்கின் அடியில் இருக்கும் சூத்திரம், டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973-இல் குதிரைப் பந்தயத்துக்காக எழுதியது. முதலில் வரும் வாய்ப்பு தெரிந்தால் இரண்டாவது, மூன்றாவது வரும் வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவர் கேள்வி. குதிரையை எடுத்துவிட்டு சிப் அடுக்கை வைத்தால் நம் ஆட்டம்.

இதை முதலில் கேட்டபோது எனக்குப் போடி மாமாதான் நினைவுக்கு வந்தார். கல்யாண வீட்டு இரவுகளில் பாய் விரித்து 101 ரம்மி (101 புள்ளி சேர்ந்தவன் வெளியே) ஆடுவார்கள், புள்ளிக் கணக்கு பத்திரிகையின் பின்பக்கத்தில். ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால், அதாவது அந்தக் கையை ஆடாமல் விலகினால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டினால் 80. மொத்தம் 80-ஐத் தாண்டியவனால் ஸ்கூட் விட முடியாது, ஆடித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் 90-இல் ஒருவன் தவித்துக்கொண்டிருந்தால், மாமா இரண்டு ஜோக்கர் இருக்கும் கையைக்கூட 20 கொடுத்துவிட்டு மடக்கிவிடுவார். சின்னப் பையனான எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய், அதிகாலை 1:15

கடைசி மேசைக்கு வந்துவிட்டேன்! ஒன்பது பேரில் ஆறாவது இடம், 19,10,000 சிப். நாளை 50,000/1,00,000 பிளைண்ட், அதாவது பத்தொன்பது.

163 பேரிலிருந்து 40 பேர் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சீட்டு வந்தது, வந்தபோது தள்ளினேன், பெரும்பாலும் யாரும் ஏற்கவில்லை. பதினைந்து பிளைண்டுக்குக் கீழே போனால் ஆட்டம் எளிதாகிவிடும். தள்ளு, இல்லை மடக்கு. கஷ்டமெல்லாம் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில்தான்.

40 பேரில் ஒரு தவறு செய்தேன். எனக்கு முன்னால் ஒருவர் பதினெட்டு பிளைண்டைத் தள்ளினார். ஆட்டம் முழுக்க அவர் அப்படித் தள்ளி நான் பார்க்கவே இல்லை. என் கையில் ஏஸ்-பத்து. நேரக் கோடு குறுகக் குறுக, மனசு "போதும் ஒளிந்தது" என்றது. ஏற்றேன். அவரிடம் ஏஸ்-கிங். ஐந்தாவது சீட்டில் பத்து விழுந்தது. சிப் என் பக்கம் வந்தது, வெட்கமும் கூடவே வந்தது. அந்தச் சீட்டு விழாவிட்டால் பத்து மணிக்கே தூங்கியிருப்பேன்.

பத்துப் பேர் இருந்தபோது ஐந்து ஐந்தாக இரண்டு மேசை, ஐம்பது நிமிடம் யாருமே விழவில்லை. கை விரல்கள் சில்லிட்டுப்போயின. ஹீட்டர் போட மறந்திருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன், அதிகாலை 12:40

நான்காவது இடம். 2,250 டாலர்.

உடனே எழுதிவிட வேண்டும், நாளைக்கு நினைவு வேறு மாதிரி ஆகிவிடும்.

பரிசுகள் இப்படி: ஒன்பதாவதுக்கு 420, எட்டு 590, ஏழு 820, ஆறு 1,150, ஐந்து 1,610, நான்கு 2,250, மூன்று 3,150, இரண்டு 4,400, முதல் பரிசு 6,200. ஒவ்வொருவர் விழும்போதும் உட்கார்ந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கில் கூடுகிறது. முதல் பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் போனார். ஏழு பேரில் எனக்குக் குயின் ஜோடி வந்து இரட்டிப்பானேன். பத்தரை மணிக்கு நால்வர்.

முதலிடக்காரரிடம் 114 லட்சம். இன்னொருவரிடம் 46 லட்சம், என்னிடம் 42 லட்சம், கடைசி ஆளிடம் வெறும் 12 லட்சம். பிளைண்ட் ஒன்று, இரண்டு லட்சம். பரிசைக் கணக்குப்படி பிரித்துக்கொள்ளலாமா என்று கடைசி ஆள் கேட்டார். பிரித்திருந்தால் எனக்குக் கிட்டத்தட்ட 4,000 டாலர் வந்திருக்கும். மூவர் சரி என்றோம், முதலிடக்காரர் வேண்டாம் என்றார். அது அவர் உரிமை. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் பிரிக்க முடியும்.

அப்புறம்தான் அந்தக் கை. இருவர் மடக்கிவிட்டார்கள். சிறிய பிளைண்டில் இருந்த முதலிடக்காரர் மொத்தத்தையும் தள்ளினார். பெரிய பிளைண்டில் நான். ஏஸ்-குயின், இரண்டும் ஸ்பேட்.

அவர் அரை மணி நேரமாக எங்கள் மூவரையும் இப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தார். எதை வைத்துக்கொண்டும் தள்ளியிருக்கலாம். பெரும்பாலும் நான்தான் முந்தி இருக்கிறேன் என்று தெரியும். தெரிந்தும் வலது பக்கம் பார்த்தேன். அங்கே ஆறு பிளைண்டோடு ஒருவர், நான் விழுந்தால் அவருக்கு 900 டாலர் தானாகக் கூடும். நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன், கடைசி மூன்று விநாடிவரை. மடக்கினேன்.

மடக்கிய பிறகு எழுந்து நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. தள்ளியவரின் சீட்டைக் காட்ட மாட்டார்கள், ஆகவே இனி என்றைக்கும் தெரியப்போவதில்லை.

அடுத்த கையிலேயே கடைசி ஆள் இரட்டிப்பானார். பத்து நிமிடத்தில் மறுபடியும். எனக்கு வந்ததெல்லாம் 9-3, ஜாக்-4. பிளைண்ட் உயர்ந்து இரண்டரை லட்சமாக, நான் பதிமூன்றுக்கு இறங்கினேன். டீலர் இடமான பட்டனில் கிங்-ஜாக், ஒரே ஜாதி, தள்ளினேன். முதலிடக்காரர் ஏஸ்-ஐந்தில் ஏற்றார். எனக்கு ஒன்றும் விழவில்லை. ஆறு பிளைண்டில் இருந்த அந்த மனிதர் என்னைத் தாண்டி மூன்றுக்குப் போய்விட்டார்.

மனைவி இரவுப் பணியின் இடைவேளையில் அழைத்தாள். "என்னங்க, முடிஞ்சுதா?" சொன்னேன். "குரல் ஏன் இப்படி இருக்கு? 22 டாலர் போட்டு இவ்வளவு வந்திருக்கே!" அவள் சொல்வது சரி. ஆனாலும் என் கண்ணில் அந்த இரண்டு ஸ்பேடும் நிற்கின்றன.

செப்டம்பர் 20, சனி, மாலை

மூன்று நாள் அந்தக் கையைத் திறக்கவில்லை. இன்று நண்பனும் நானும் கணக்கை உட்கார்ந்து போட்டோம்.

சிப்பை மட்டும் எண்ணினால், ஏற்க 48% போதும். பணமாக மாற்றினால் நிலைமை வேறு. மடக்கினால் என் இடத்தின் மதிப்பு சுமார் 3,925 டாலர். ஏற்று வென்றால் சுமார் 4,710. தோற்றால் 2,250. அதாவது 785 டாலர் கூடுவதற்காக 1,675 டாலரைப் பணயம் வைக்கிறேன். ஏற்பதற்கு 68% வாய்ப்பு வேண்டும். அவர் எந்தச் சீட்டையும் பார்க்காமல் தள்ளியிருந்தாலும் ஒரே ஜாதி ஏஸ்-குயின் வெல்வது 66%. எட்டு ஜோடி இருந்தால்தான் தொட்டுக்கொண்டு நின்றிருக்கலாம்.

அலுவலகத்தில் நான் சம்பளக் கணக்கு பார்க்கிறவன். 2003-இல் 86 டாலர் தகுதிப் போட்டியில் நுழைந்து, லாஸ் வேகாஸில் 839 பேர் ஆடிய போட்டியை வென்று 25 லட்சம் டாலர் வாங்கிய கிறிஸ் மணிமேக்கரும் கணக்கு உத்தியோகம் பார்த்தவர்தான். அவர் பெயரைச் சொல்லி வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் எனக்கு இந்த வாரம் பிடித்த எண் அந்த 25 லட்சம் இல்லை, இந்த 68.

நண்பன் அதோடு விடவில்லை. "சரி, திங்கள் ராத்திரி ஏஸ்-பத்தை எடு" என்றான். எடுத்தோம். பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவ்வளவு இறுக்கமான ஆளுக்கு எதிராக அதை ஏற்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. 2,250 டாலர் வந்தது அந்த ஒரு பத்தால்தான். சரியாகச் செய்த கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தவறாகச் செய்த கைதான் என்னைக் கடைசி மேசைவரை சுமந்தது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

2,000 டாலரை வங்கிக்கு மாற்றிவிட்டேன்.

மாலையில் மாமாவுக்குப் போன் செய்தேன். போடியில் இரவு ஒன்பதரை இருக்கும், சாப்பிட்டு முடித்திருந்தார். போக்கர் அவருக்குத் தெரியாது. மூணு சீட்டு மாதிரி, ஆனால் நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது என்று சொல்லி, கையை விளக்கினேன்.

"ஏஸும் ராணியும் ஒரே ஜாதில வச்சுக்கிட்டு ஸ்கூட் விட்டியா?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. டிவி சத்தம் குறைந்தது.

"மத்தவன் எத்தனை புள்ளியில இருந்தான் மாப்ள?"