நேற்று எண்பது, இன்று பன்னிரண்டு

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் என் கைக்கு வந்தது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட் ஐந்து உள்ள ஒரு சிப். சஃபையர் தட்டின் மேல் அலுமினியம். தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய 10 மில்லிகெல்வின் வரை குளிர இரண்டு நாள் ஆனது. க்யூபிட்டை உயர் ஆற்றல் நிலைக்குக் கிளப்பிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, இன்னும் அதே நிலையில் இருக்கிறதா என்று பார்ப்போம். இதைப் பல ஆயிரம் தடவை செய்தால் அதன் ஆயுள் கிடைக்கும். மூன்றாம் எண் க்யூபிட்டுக்கு மாலையில் 80 மைக்ரோ விநாடி வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் 12.

என் அளவீட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து கேபிளை மாற்றினேன், பெருக்கியைச் சோதித்தேன், நிரலை வரி வரியாகப் படித்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர் எதையும் தொடாமல் இரவு முழுக்க அளவீட்டை ஓடவிடச் சொன்னார். மறுநாள் வரைபடத்தில், இரண்டு மணி வாக்கில் மூன்றாம் எண் படியிறங்கியது போலச் சட்டென்று விழுந்து, நாலு மணிக்குத் தானாகவே ஏறியிருந்தது. மற்ற நான்கும் அசையவில்லை. கருவியில் கோளாறு என்றால் ஐந்தும் சேர்ந்தல்லவா விழ வேண்டும்?

காரணம் ஆக்சைடு, அலுமினியத்தின் மேல் உருவாகும் மெல்லிய படலம். ஒழுங்கற்ற அந்தப் படலத்தில் சில அணுக்கள் இரண்டு இடங்களுக்கு நடுவே தாவிக்கொண்டிருக்கும். கண்ணாடிகள் கடுங்குளிரில் நடந்துகொள்ளும் விதத்தை விளக்க 1972இல் ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா மூவரும், தனியாக ஃபிலிப்ஸும் முன்வைத்த கருத்து இது. 2005இல் மார்டினிஸும் சக ஆய்வாளர்களும் க்யூபிட்டின் ஆற்றலைத் தின்பது இதுதான் என்று காட்டினார்கள். தாவும் அதிர்வெண் க்யூபிட்டின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஆற்றல் அங்கே போய்விடும். பக்கத்தில் இதே போல வேறொரு அணு இடம் மாறினால் அந்த அதிர்வெண்ணும் நகரும், க்யூபிட் பழையபடி பிழைத்துக்கொள்ளும். அந்தச் சிப்பை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து திரும்பக் குளிர்வித்தபோது மூன்றாம் எண் நன்றாக இருந்தது, முதலாம் எண் படுத்துவிட்டது.

அப்புறம் நாங்களும் டான்டலம் என்ற உலோகத்துக்கு மாறினோம். 2021இல் பிரின்ஸ்டன் குழு அதை வைத்து 0.3 மில்லி விநாடி ஆயுளைத் தாண்டியிருந்தது. டான்டலம் கடும் அமிலத்தைத் தாங்கும், அதுதான் பெரிய வசதி. கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் பீக்கர் தானாகவே சுட ஆரம்பிக்கும், சிப்பைச் சுற்றிக் குமிழ் கிளம்பும், மேற்பரப்பில் ஒட்டிய கரிமப் பிசுக்கு போய்விடும். அலுமினியச் சந்தி (இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு வைத்த, க்யூபிட்டின் மையப் பகுதி) போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் சந்தியை அரித்துவிடும். ஆயுள் கூடியது உண்மை. ஆனால் அந்தச் சந்திக்குள் ஓரிரு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு இன்னும் இருக்கிறது. அது இல்லாமல் க்யூபிட்டே கிடையாது.

அதனால் மிக நல்ல ஒற்றை எண்ணை மட்டும் தலைப்பில் போடும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. நூறு க்யூபிட் சேர்ந்து ஓடும்போது, அந்த நேரத்தில் விழுந்து கிடக்கும் ஒன்றுதான் கணக்கைக் கெடுக்கும். எனக்கு வேண்டியது குறைந்தது ஒரு நாள் முழுக்க எடுத்த தரவு, அதில் மோசமான மணி நேரமும் சேர்த்து. என் அறிக்கைகளில் முதல் பக்கத்திலேயே அந்த மணி நேரத்தின் வரைபடத்தை வைக்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேபிளைக் கழற்றப் போனால், சரி, முதலில் இரவு முழுக்க ஓடவிடுங்கள் என்கிறேன்.